மணலுக்குள் நீந்தும் மீன்

தென்னமெரிக்க நன்னீர் மீன்களுள் உலகெங்கும் பேர் பெற்றவை மூன்று. பிரானா, மின்விலாங்கு, கண்டிரு. முதலிரண்டும் தம் புகழுக்கு ஏதோவொரு வகையில் உரிமை உள்ளவை. மூன்றாவதன் புகழ் பெரும்பாலும் வாய்வார்த்தையால் ஆனது. ஆற்றில் நின்று சிறுநீர் கழிப்பவனின் உடலுக்குள் அந்த நீர்த்தாரையின் வழியாகவே ஏறிப் புகுந்து, செவுள் முட்களை விரித்து அங்கேயே தங்கிவிடும் ஊசி போன்றதொரு மீன் அது என்பார்கள். அமேசானைப் பற்றி வேறெதுவும் அறியாதவர்கள்கூட இந்த ஒன்றை அறிந்து வைத்திருப்பார்கள்.

இக்கட்டுரை அந்த மீனைப் பற்றியதன்று. அதே குடும்பத்தில் பிறந்து, மணலுக்குள்ளேயே வாழ்ந்து, மணலுக்குள்ளேயே மடியும், கண்ணில்லாத, ஓரங்குல அளவேயான சில கெளுத்திகளைப் பற்றியது. ஆனால் புகழ் பெற்ற உறவினர் வீட்டுத் திண்ணையைக் கடக்காமல் பெயரறியாதவர் வீட்டுக்குப் போக வழியில்லை என்பது மனிதர்களிடையே உள்ள வழக்கம். மீன்களிடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

கண்டிருக் கதையை ஐரோப்பாவில் அச்சேற்றியவர்களுள் முற்பட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் மார்ட்டியஸ். 1829-ல் அவர் எழுதியது தாம் கண்டதை அன்று, ஆற்றங்கரை மக்கள் சொல்லக் கேட்டதை. அதன் பின் வந்த பயணிகள் ஒருவரை ஒருவர் சான்று காட்டி எழுதினார்கள். நூறாண்டுக் காலம் இப்படிக் கைமாறிய பின் எந்தச் செய்திக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது. 1959-ல் வெளிவந்த வில்லியம் பர்ரோஸின் 'நேக்கட் லஞ்ச்' நாவலிலும் இம்மீன் இடம்பெற்றது. 1997-ல் மனாவுஸ் நகரில் மருத்துவர் ஒருவர் நோயாளியின் உடலிலிருந்து இம்மீனை அகற்றியதாக அறிவித்தார். கண்டிருவைப் பற்றித் தனி நூலே எழுதிய ஸ்டீஃபன் ஸ்போட், 2002-ல் வந்த அந்நூலில் அந்நிகழ்வை ஆராய்ந்து பல ஐயங்களை எழுப்பினார். நீரிலிருந்து தாரையைப் பிடித்து மேலேறுவது எந்தச் சிறு மீனாலும் இயலாது என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆயினும் ஆய்வும் நடந்தது. ஸ்போட்டும் பெட்ரியும் சுவானோனும் 2001-ல் வெளியிட்ட சோதனையில், அம்மோனியா போன்ற பொருட்களைத் தொட்டியில் கலந்து பார்த்தபோது மீன்கள் அவற்றைப் பொருட்படுத்தவேயில்லை.

உண்மையில் கண்டிரு என்ன செய்கிறது? பெரிய மீன்களின் செவுள் மூடிக்குள் நுழைந்து தமனியைக் கடிக்கிறது. சுவானோனும் சசிமாவும் 2004-ல் எழுதிய கட்டுரையின்படி, அது இரத்தத்தை உறிஞ்சக்கூடத் தேவையில்லை. கடிபட்ட மீனின் இரத்த அழுத்தமே கண்டிருவின் வயிற்றை நிரப்பிவிடுகிறது. ஓரிரு நிமிடங்களில் வயிறு புடைத்து, வெளியேறி, ஆற்றடி மணலில் புதைந்துகொள்கிறது. உண்டது செரிக்கும்வரை அங்கேயே கிடக்கும்.

இக்கடைசிச் செய்தியை எவரும் திரும்பச் சொல்வதில்லை. மணலில் புதைந்து கிடக்கும் மீனில் அச்சமூட்ட என்ன இருக்கிறது? எனக்கோ கண்டிருவின் வாழ்வில் சுவையான பகுதி அதுவாகவே படுகிறது. ஏனென்றால் கண்டிரு இளைப்பாறப் போகும் இடத்தில் அதன் உறவினர் சிலர் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள்.

*

டிரைக்கோமைக்டெரிடே என்பது அக்குடும்பத்தின் பெயர். கிரேக்கத்தில் 'மயிர்', 'மூக்கு' ஆகிய இரு சொற்களின் சேர்க்கை. மூக்கருகே மீசை இழை கொண்டவை என்பதால் இப்பெயர். 'மயிர்மூக்கிகள்' என்று தமிழில் சொன்னால் மரியாதைக் குறைவாக ஒலிக்கும், பொருள் என்னவோ அதுதான். தென்னமெரிக்காவிலும் அதை ஒட்டிய நடு அமெரிக்கத் தென்முனையிலும் மட்டுமே வாழும் இக்குடும்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. ஆண்டீஸ் மலையோடைகளிலும் டிட்டிகாகா ஏரியிலும் சாதாரணமாகப் பூச்சி தின்று வாழ்பவை உண்டு. பிற மீன்களின் செதிலையும் வழுவழுப்பையும் சுரண்டித் தின்பவை உண்டு. இரத்தம் குடிப்பவை ஒரு சிறு கிளை மட்டுமே. உலகம் அந்தச் சிறு கிளையை வைத்தே முழுக் குடும்பத்தையும் எடைபோடுகிறது.

மணல்வாழ்கள் கிளனாப்டெரிஜினே, சார்கோகிளானிடினே என்ற வேறு இரு கிளைகளில் வருகின்றன. அவை அறிவியலுக்கு அறிமுகமான வரலாறு கண்டிருக் கதையைப் போலப் பரபரப்பானதன்று.

1920-களின் நடுவில் கார்ல் தெர்னெட்ஸ் என்ற சேகரிப்பாளர் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ரியோ நெக்ரோ என்றால் கரிய ஆறு. மட்கிய இலைகளின் சாறு இறங்கிக் கடுந்தேநீர் நிறத்தில் ஓடும் அதன் நீர் அமிலத்தன்மை உடையது, உப்புச்சத்து மிகக் குறைந்தது. ஆனால் அதன் அடியில் கிடக்கும் மணலோ சர்க்கரை போல் வெளுத்த படிகக்கல் மணல். கறுத்த நீரின் அடியில் வெளுத்த மணல் என்ற இந்த முரணே அங்குள்ள மீன்களின் வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது பிற்பாடு தெரியவந்தது. தெர்னெட்ஸ் அனுப்பியவற்றுள் வெளிறிய, புழுவைப் போன்ற சில மீன்களும் இருந்தன. அவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புட்டிகளில் கிடந்தன.

1944-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மயர்ஸ் அவற்றுள் இரண்டைப் புதிய பேரினங்களாக அறிவித்தார். ஒன்று டிஃப்லோபெலஸ் தெர்னெட்ஸி. மற்றொன்று பிஜிடியானொப்ஸ் ஐகன்மானி. முன்னதன் பேரினப் பெயருக்குக் 'குருட்டு அம்பு' என்று பொருள். பின்னதில் உள்ள 'அனொப்ஸ்' என்பதற்குக் கண்ணற்றது என்று பொருள்.

இந்த இரண்டாவது பெயரில் சற்றுத் தங்கிச் செல்ல விரும்புகிறேன். கார்ல் ஐகன்மான் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மயர்ஸ் இளமையில் அவரிடம் பயின்றவர். இம்மயிர்மூக்குக் குடும்பத்தைப் பற்றி 1918-ல் பெருநூல் எழுதியவர் ஐகன்மான்தான். ஆனால் அதற்கும் முன்பே அவர் வேறொன்றில் பேர் பெற்றிருந்தார். அது குகைகளில் வாழும் குருட்டு மீன்களின் ஆய்வு. 1909-ல் வந்த அவருடைய குகை விலங்குகள் பற்றிய நூலின் துணைத் தலைப்பு, அவ்விலங்குகளைச் 'சீரழிவுப் பரிணாமத்தின்' எடுத்துக்காட்டுகள் என்று அழைக்கிறது. வாழ்நாளில் பல ஆண்டுகளைக் கண்ணற்ற மீன்களோடு கழித்த அவர் 1927-ல் மறைந்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து, அவர் கண்டேயிராத வகைக் கண்ணற்ற மீனுக்கு மாணவர் ஆசிரியரின் பெயரைச் சூட்டினார். குருதட்சிணைகளில் இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகு நீண்ட மௌனம். தெர்னெட்ஸ் சேகரித்த இன்னொரு சிறு கெளுத்தியை மயர்ஸும் வைட்ஸ்மனும் விவரித்தபோது ஆண்டு 1966. பிஜிடியானொப்ஸ் பேரினத்தில் இரண்டாவது இனம் என்று ஒன்றைச் சேர்க்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷேஃபர், ப்ரொவென்சானோ, டி பின்னா, பாஸ்கின் ஆகிய நால்வர் அவ்வாண்டு வெனிசுவேலாவிலிருந்து புதிய இனங்களை வெளியிட்டார்கள். 2011-ல் டி பின்னாவும் கிரோவ்ஸ்கியும் நடு அமேசான் ஓடைகளிலிருந்து நான்காவதைச் சேர்த்தார்கள். அதன் பெயர் பிஜிடியானொப்ஸ் ஆம்பியாக்ஸஸ். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு ஆம்பியாக்ஸஸ் நினைவிருக்கும். கடலோர மணலில் புதைந்து வாழும், முதுகெலும்பிகளின் ஒன்றுவிட்ட உறவான அந்தச் சிறு உயிரைத் தேர்வுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்காதவர் யார்? கெளுத்தி இனத்தில் பிறந்த இந்த மீன் உருவத்திலும் வாழிடத்திலும் அதைப்போல் ஆகிவிட்டதால் அப்பெயர் பெற்றது.

இவை ஏன் இத்தனை காலம் அகப்படவில்லை என்பதற்குக் காட்டின் அடர்த்தியைக் காரணம் சொல்வார்கள். காரணம் வலை. மீன் ஆய்வாளர் நீரில் வலை வீசுகிறார். இம்மீன்களோ நீரில் இல்லை. கால் வைத்து நிற்கும் தரைக்குள் இருக்கின்றன. மணலை அள்ளிச் சலித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியவர்களுக்கே இவை தென்பட்டன.

*

மணல் என்பதை நாம் திடப்பொருள் என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஓடையடி மணலில் ஒவ்வொரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே நீர் இருக்கிறது. அந்நீர் தேங்கியும் நிற்பதில்லை. மேலே ஓடும் ஓடையின் ஒரு பகுதி கீழிறங்கி, மணலுக்குள் மெல்ல நகர்ந்து, வேறிடத்தில் மேலெழுகிறது. இந்த நடமாட்டம் உயிர்வளியைக் கொண்டுவருகிறது. இடுக்குகளில் கண்ணுக்கெட்டாத புழுக்களும் சின்னஞ்சிறு ஓட்டுயிர்களும் பூச்சி இளரிகளும் வாழ்கின்றன. வீட்டுக்கு வாசல் உண்டு, காற்று உண்டு, சமையலறையும் உண்டு. வெளிச்சம் மட்டும் இல்லை. அது மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர்களிலேயே மங்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட வீட்டில் குடியேறுபவர் எதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வரவேண்டும்? கண் பயனற்றது, உராய்வில் புண்படக்கூடியதும்கூட. முதுகுத் துடுப்பு தடை. வயிற்றுத் துடுப்பும் தடை. நிறம் எவருக்காக? ஆகவே பிஜிடியானொப்ஸ் இவற்றையெல்லாம் துறந்துவிட்டது. உடல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிய, உள்ளிருக்கும் இரத்தத்தின் சாயல் மட்டும் இளஞ்சிவப்பாகத் தோன்றும். விலாங்கைப் போல் நீண்டு, நெளிந்து, மணலின் ஊடே வழி செய்துகொண்டு போகிறது. உடலின் அளவும் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கத்தில் இன்னும் முன்னே சென்றது சார்கோகிளானிடினே கிளையில் உள்ள அம்மோகிளானிஸ் புலெக்ஸ். 2000-ல் வெனிசுவேலாவிலிருந்து விவரிக்கப்பட்ட இம்மீன், முழு வளர்ச்சியிலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே உடையது. உலகின் மிகச் சிறிய கெளுத்திகளுள் ஒன்று. அம்மோகிளானிஸ் என்றால் மணற்கெளுத்தி, புலெக்ஸ் என்றால் தெள்ளுப்பூச்சி.

இதைத்தான் 'சீரழிவு' என்று ஒரு தலைமுறை அறிஞர்கள் அழைத்தார்கள். டார்வினும் குகை உயிர்களின் கண்ணிழப்பைப் பயன்படுத்தாமையின் விளைவாகவே கண்டார். இச்சொல்லில் ஒரு ஏணி ஒளிந்திருக்கிறது. மேலே கண்ணும் துடுப்பும் நிறமும் உடையவர்கள், கீழே அவற்றை இழந்து சறுக்கியவர்கள். எனக்கு இது ஒப்பவில்லை. சறுக்கியவை என்றால் அரைகுறையாக வாழ வேண்டும். இவையோ தங்கள் இடத்தில் வேறெந்த மீனும் போட்டிக்கு வராத அளவுக்குத் தேர்ந்தவை. அதுமட்டுமன்று, ஒரே வழியில் பலர் தனித்தனியே வந்திருக்கிறார்கள். 2006-ல் சுவானோன், பொக்மான், சசிமா ஆகியோர் நடு அமேசானின் ஒரு சிற்றோடை மணலில் வாழும் மீன்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். நெருங்கிய உறவில்லாத பல குடும்பத்தினர் அங்கே சேர்ந்திருந்தனர். நீண்ட மீசை இழைகளை விரித்து இரையைத் தேடும் மாஸ்டிகிளானிஸ் என்ற கெளுத்தி ஒருபுறம். பகலெல்லாம் மணலுக்குள் துயின்று இரவில் மின்புலத்தால் வழியறியும் ஜிம்னோராம்ஃபிக்திஸ் என்ற மீன் மறுபுறம். வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியே கண்டடைந்த ஒரு வாழ்முறையைச் சீரழிவு என்று அழைப்பது, சுருங்கச் சொல்வதைச் சொல்வளமின்மை என்று அழைப்பதற்குச் சமம். குறளின் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிணற்றுநீரில் இதே துறவை மேற்கொண்டவையும் உண்டு. அமேசான் முகத்துவாரப் பகுதியின் கிணறுகளிலிருந்து 1905-ல் எமிலியோ கோல்டி விவரித்த ஃப்ரியாட்டோபியஸ் சிஸ்டர்னாரம் என்ற செந்நிறக் கெளுத்தி அவ்வகை. பெயரின் முற்பகுதிக்குக் 'கிணற்றுவாசி' என்று பொருள். நூறாண்டுக்கும் மேல் அப்பேரினத்தில் அது ஒன்றே தனித்திருந்தது. 2007-ல் பிரேசிலின் ரொண்டோனியாவிலிருந்து ஒன்றும் பொலிவியாவிலிருந்து ஒன்றுமாக இரு உறவினர் கிடைத்தனர்.

*

இவ்விடத்தில் ஒரு தற்செயலைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. கண்டிருவுக்கு வண்டெல்லியா சிரோசா என்ற அறிவியல் பெயரைச் சூட்டியவர் பாரீஸின் வலென்சியென். தம் ஆசிரியர் கூவியேவுடன் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் தனியே தொடர்ந்த மீன் வரலாற்று நூல்வரிசையில், 1846-ல் வந்த பதினெட்டாம் தொகுதியில் அப்பெயர் உள்ளது. அதே தொகுதியில்தான் நம் அயிரைக்கும் அவர் பெயரிட்டார். திருகோணமலை அருகே கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து கிடைத்த மாதிரி என்பதால் 'தெர்மாலிஸ்' என்று வைத்தார்.

அயிரை கெளுத்தி அன்று. அதற்குக் கண் உண்டு, துடுப்பு உண்டு, நிறமும் உண்டு. ஆனால் அதுவும் ஆற்று மணலில் புதைந்து வாழும் மீன். சங்கப் பாடல்களிலேயே பேர் சொல்லி வருகிறது. மதுரைப் பக்கத்தில் அயிரைக் குழம்பு வைப்பவர்கள் மீனை உயிருடன் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைப்பது வழக்கம். மணலில் மீன் உண்டு என்பது நம் சமையலறைக்குத் தெரியும் என்றே இதற்குப் பொருள். நம் அலுவலகங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

மணல் இன்று உலகில் நீருக்கு அடுத்தபடியாக மனிதன் மிகுதியாக எடுக்கும் பொருள். ஆண்டொன்றுக்கு மணலும் சரளையுமாக ஏறத்தாழ 5000 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆற்றுமணல் பற்றிய வழக்குகளும் விதிகளும் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. சிறிய குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் கூறியது. 2016-ல் மத்திய அரசு மணல் எடுப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, மாவட்டந்தோறும் ஆய்வறிக்கை வேண்டும் என்றது. இவற்றில் முதன்மையான கவலை அளவு. எத்தனை கன மீட்டர் இருக்கிறது, எத்தனை எடுக்கலாம், அடுத்த வெள்ளத்தில் எத்தனை வந்து சேரும் என்பது கணக்கு. நிலத்தடி நீர், பாலத்தின் அடித்தளம் ஆகியவற்றைப் பற்றியும் பேச்சு எழுகிறது. அவை நியாயமான கவலைகள். ஆனால் கன மீட்டர் என்ற சொல்லே உள்ளே எதுவுமில்லை என்ற முடிவோடு தொடங்குகிறது. ஒரு தெருவில் எத்தனை டன் செங்கல் இருக்கிறது என்று மட்டும் எண்ணி, அங்கே குடியிருப்பவர்களை எண்ணாமல் விடுவதைப் போன்றது இது. வெள்ளம் மணலைத் திரும்பக் கொண்டுவரலாம். அயிரையைக் கொண்டுவருமா என்பது மேலே எங்காவது அயிரை மிஞ்சியிருப்பதைப் பொறுத்தது.

அமேசானிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. துப்பி மொழியில் சிற்றோடைக்கு 'இகரப்பே' என்று பெயர். ஓடம் போகும் வழி என்று பொருள். மனாவுஸ் நகரம் வளர்ந்தபோது அதனுள் ஓடிய இகரப்பேக்கள் பலவும் சாக்கடைகளாயின, சில கான்கிரீட் வாய்க்கால்களாயின. காடு வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்து வரும் சேறு மணலின் இடுக்குகளை அடைக்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு ஓடை அப்படியே இருக்கும், உள்ளே மூச்சு நின்றிருக்கும். 2021 நவம்பரில் மதெய்ரா ஆற்றில் நூற்றுக்கணக்கான மிதவைகள் வரிசையாகக் கூடி, தங்கத்துக்காக ஆற்றடியை உறிஞ்சிக்கொண்டிருந்த படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. பாதரசத்தின் கேட்டைப் பற்றி எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். உறிஞ்சப்பட்ட மணலுக்குள் என்ன இருந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காட்டில், இம்மணல்வாழ்களின் நெருங்கிய உறவான லிஸ்ட்ரூரா என்ற இழை போன்ற கெளுத்திகள் ஓடையோரச் சதுப்பின் இலைச் சருகுக்குள் வாழ்கின்றன. அவற்றுள் சில அந்நாட்டின் அழியும் நிலை உயிர்களின் பட்டியலில் ஏறிவிட்டன. அவற்றுக்கேனும் பட்டியலில் ஏறுமளவு கவனம் கிடைத்தது.

ஒரு விரற்கடை மீனுக்காக வீடு கட்டாமல் இருக்க முடியுமா என்ற கேள்வி வரும் என்பதை அறிவேன். எம்-சாண்ட் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கேள்வி அதே வேகத்தில் வருவது வேறு விஷயம். வீடு கட்ட வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் பார் என்பதே கோரிக்கை. பார்ப்பதற்கு ஆகும் செலவும் பெரிதன்று. ஒரு மண்வெட்டி, ஒரு சல்லடை, ஒரு வெள்ளைத் தட்டு, மீன் தெரிந்த ஒருவர், ஆற்றின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பருவங்களில் சில நாட்கள். மாவட்ட ஆய்வறிக்கையில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். அப்பக்கம் வெறுமையாக வந்தாலும் பாதகமில்லை, சலித்துப் பார்த்த பின் வந்த வெறுமையாக அது இருக்க வேண்டும்.

இலக்கிய ஆர்வலர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு என்றே கருதுகிறேன். கண்டிருவின் பொய்ப் புகழை வளர்த்தவர்கள் மீனவர்கள் அல்லர். எழுத்தாளர்களும் பயணக் குறிப்பாளர்களும்தான். அச்சமூட்டுவதும் அருவருப்பூட்டுவதும் எளிதாக எழுதக் கிடைக்கின்றன, எளிதாக நினைவிலும் நிற்கின்றன. மணலுக்குள் எவரையும் கடிக்காமல் கிடக்கும் ஒன்றைப் பற்றி எழுதக் கதை இல்லை என்கிறோம். ஐகன்மானுக்கு மயர்ஸ் செய்தது கதை இல்லையா? புட்டிக்குள் இருபதாண்டுகள் கிடந்த குருட்டு அம்பு கதை இல்லையா? இயற்கை பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. யானையும் புலியும் இருவாச்சியும் தம் பங்கைப் பெற்றுவிட்டன. இனி சற்றுக் குனிந்து பார்க்கலாம்.

குனிந்து பார்ப்பவர்கள் அறிவியலாளர்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அண்டையிலுள்ள கேரளத்தில் சிவந்த செம்பாறைக்கு அடியில் ஓடும் நிலத்தடி நீரில் ஹோராகிளானிஸ் என்ற கண்ணற்ற கெளுத்திகள் வாழ்கின்றன. முதல் இனத்தை மேனன் 1950-ல் கோட்டயத்துக் கிணறுகளிலிருந்து விவரித்தார். 2011-ல் திருச்சூர்ப் பக்கத்திலிருந்து கிரிப்டோகிளானிஸ் என்ற இன்னொரு நிலத்தடிக் கெளுத்தி வந்தது. ஆள் இறங்கித் தேட முடியாத அந்நீர்நிலைகளில் இம்மீன்கள் அகப்படுவது பெரும்பாலும் வீட்டுக் கிணற்றிலும் தொட்டியிலும் குழாயிலும்தான். புழுவென்று எண்ணிக் கொட்டிவிடாமல் எடுத்து வைத்து, ஆய்வாளர்களுக்குச் சொல்லி அனுப்பிய ஊரார் பலரின் உதவியால் அங்கே பெரியதொரு ஆய்வு நடந்தது. 2023-ல் அதிலிருந்து ஒரு புதிய இனம் அறிவிக்கப்பட்டபோது, ராகவனும் அவருடைய குழுவினரும் அதற்கு எந்தப் பேராசிரியரின் பெயரையும் வைக்கவில்லை. ஹோராகிளானிஸ் போப்புலி என்று வைத்தார்கள். போப்புலி என்றால் மக்களுடையது.